சுவத்துல போட்ட கூட்டல் குறி

அது சிலுவை இல்லீங்க ஐயா, கூட்டல் குறி. போட்டோவ கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. சிலுவைன்னா கீழ்க்கால் நீட்டமா இருக்கும். இது நாலு பக்கமும் ஒரே அளவு. ஒண்ணாங்கிளாஸ் புள்ள கூட சொல்லிடும். மொதல்ல உக்காருங்க. ஐயையோ, அந்த நீல நாற்காலி வேணாங்க, அது வேற வேலைக்கு வச்சிகினு கீறது. இந்த ஸ்டூலு நல்லா கெட்டி, இதுல உக்காருங்க. ஜீப்ப நேரா வாசலாண்டயே கொண்டாந்து நிறுத்திட்டீங்க பாருங்க, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். மின்ன வந்திருந்தா ரோட்லயே வுட்டுட்டு சந்துல நடந்து தான் வந்திருக்கணும்.

எழுதிக்குங்க. பேரு இன்னாசி. அப்பா பேரு சவரிமுத்து. கவர்மெண்டு ஜீப்பு ஓட்டி ரிட்டயர்டு ஆனவன். என் மேல சைக்கிள்ல லைட்டு இல்லாம போன கேசு கூட கெடயாதுங்க. சுப்புராயன் இன்னா எழுதிக் குடுத்திருக்காரு? கவர்மெண்டு அளவுக் குறி மாதிரி போட்டு அவர ஏமாத்திட்டேனா? அட ஆண்டவரே. நான் போட்டது ஹெட்லைட்டுக் குறிங்க. தோ, முருங்க மரத்தடியில நிக்குது பாருங்க அம்பாசிடர், அதோட லைட்டு செட்டிங் பண்றதுக்குப் போட்ட குறி. இதுக்குப் போயி உங்கள வெயில்ல அலைய வுட்டுட்டாரு மனுசன்.

டீ சாப்புடறீங்களா? நானே போட்டுடுவேன். வூட்டுக்காரி உள்ள படுத்துகினு கீறா, அவளால அடுப்பாண்ட நிக்க முடியாது. வேணாமா? சரிங்க.

பழைய காருன்னு மட்டும் சொல்லாதீங்க ஐயா. இப்ப அத கிளாசிக்குன்னு சொல்லணுமாம். எங்க பையன் ராபின் ஓசூர்ல வேல செய்யறான், அவன் தான் என்ன ஒரு வாட்சப் குரூப்புல சேத்து வுட்டான். பழைய காரு வச்சிகினு கீறவங்கல்லாம் அதுல கீறாங்க. காலையில எழுந்தா குட்மார்னிங், கூடவே ஒரு பம்பர் படம். ஒருத்தரு காருக்குப் பொறந்த நாளு கொண்டாடி கேக்கு வெட்டுறாரு. இன்னொருத்தரு காரு மேல மழ பட்டுச்சின்னு ரெண்டு நாளா துக்கம். எல்லாரும் இரங்கல் போடறாங்க. ஆனந்தமேரி இத பாத்துட்டு, எனக்கு ஒடம்பு சரியில்லன்னு போடுங்க, எத்தன பேரு வர்றாங்கன்னு பாக்கலாம்னா. ஆனந்தமேரின்னா என் வூட்டுக்காரி. அவளுக்கு இந்தக் காரு கோழிக்கூண்டு தான். நல்லா இருந்தப்போ பானெட்ட தொறந்து முட்ட எடுத்துகினு இருப்பா.

விசயத்துக்கு வர்றேங்க. லைட்டுக்குப் பின்னால ரெண்டு ஸ்க்ரூ இருக்கும். மேல ஒண்ணு, சைடுல ஒண்ணு. மேல இருக்கறத திருப்புனா வெளிச்சம் ஏறும், எறங்கும். சைடுல இருக்கறத திருப்புனா அந்தாண்ட இந்தாண்ட நவுரும். பின்னாடி ஒரு ஸ்பிரிங்கு இழுத்துப் புடிச்சிகினு இருக்கும். இது மொத்தமும் துருப் புடிச்சி பூடுச்சி. ஒரு லைட்டு வானத்தப் பாக்குது, இன்னொண்ணு பள்ளத்தப் பாக்குது. எங்க மாமனாரு கண்ணு அப்படித்தான், ஒரே நேரத்துல சாமியையும் பாப்பாரு, சாராயத்தையும் பாப்பாரு. மண்ணெண்ண ஊத்துனேன், ஊற வச்சேன், திருப்புளி வச்சி லேசா ஒரு திருப்பு. தலை மட்டும் தனியா கையோட வந்துட்ச்சி. அடுத்ததும் அப்படியே. ஸ்பிரிங்க தொட்டேன், பொரி மாதிரி நொறுங்கிப் போச்சி.

குரூப்புல கேட்டேன். அவ்ளோ தான், ஒரு பட்டிமன்றமே நடந்துச்சி. ஒரிஜினல் ஸ்க்ரூ தான் போடணும், வேற போட்டா அந்த வண்டிக்கே துரோகம்னு ஒருத்தரு. துருவ தொடவே கூடாது, அது தான் அழகுன்னு இன்னொருத்தரு. இன்னா ஸ்க்ரூ, எங்க கெடைக்கும்னு ஒரு ஆளு சொல்லல. கள்ளக்குறிச்சியில கடக்கடயா ஏறி எறங்குனேன். ஒரு கடையில சின்னப் பையன் ஒருத்தன், அங்கிள், அதெல்லாம் கழட்டிப் போட்டுட்டு எல்.ஈ.டி போடுங்க, எதிர்ல வர்றவன் கண்ணு தெரியாம ஓரம் கட்டிடுவான்னான். எவ்ளோ பெருமையா சொல்றான் பாருங்க. கல்வராயன் மலை ரோட்ல வருசக் கணக்கா ஜீப்பு ஓட்னவங்க நான். வளைவுல எதிர்ல வர்றவன் கண்ணுல வெளிச்சம் அடிச்சா அவன் ஓரம் கட்ட மாட்டான், பள்ளத்துல எறங்கிடுவான். லைட்டு செட்டிங்ல மட்டும் நான் வெளையாட மாட்டேன்.

ராபின் போன்ல ஆர்டர் போட்டான். டப்பா டப்பாவா பிரிச்சி உள்ள பாத்தா ஏதோ ஸ்கூட்டர் கண்ணாடி. கடைசியில சேலத்துல பழைய இரும்புக் கடையில தான் கெடச்சிது. கடைக்காரரு எதுக்குங்க இதுன்னாரு. அம்பாசிடருக்குன்னேன். அவரு எழுந்து நின்னு என் கையப் புடிச்சிகினாரு. எதோ சாவுக்கு வந்த மாதிரி இருந்துச்சி.

மாட்டிட்டேங்க. புது ஸ்க்ரூ, புது ஸ்பிரிங்கு. போயி தொட்டுப் பாருங்க, கிரீசு கூட இன்னும் காயல. நான் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. ஞாயித்துக்கிழம கோயில் சாமியாராண்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றவன்.

மாட்டுனா மட்டும் போதுமா? வெளிச்சம் எங்க வுழுதுன்னு பாக்கணும் இல்ல. வெட்டவெளியில லைட்ட போட்டா ஒண்ணும் தெரியாது, எதிர்ல ஒரு சுவரு வேணும். காருக்கும் சுவத்துக்கும் இருவத்தஞ்சி அடி இருக்கணும். லைட்டு தரையிலேருந்து எவ்ளோ உயரமோ, அதே உயரத்துல சுவத்துல ஒரு கோடு. ஒவ்வொரு லைட்டுக்கும் நேரா ஒரு கூட்டல் குறி. வெளிச்சம் கோட்டுக்கு ஒரு வெரக்கடை கீழ வுழணும். இது மொறைங்க. எந்த மெக்கானிக்க வேணா கேளுங்க.

எங்க காரு நிக்கற எடத்துலேருந்து டேப்ப புடிச்சா, இருவத்தஞ்சி அடியில டாண்ணு சுப்புராயன் காம்பவுண்டு சுவரு. நானாங்க அங்க கட்டச் சொன்னேன்? அந்தச் சுவரு முந்தி அந்தாண்ட இருந்துச்சி. அவரு கவுன்சிலரா இருந்தப்போ தெருவுக்குள்ள எறங்கி வந்துட்ச்சி. வண்டி போன தெரு சந்தாச்சி, பைக்கு ஒண்ணு ஒராசிகினு போற சந்து. கேட்டா, எங்க தாத்தா காலத்து எடம்னாரு. மனு குடுத்தேன். மனு வாங்குனவங்க மறுபடியும் மனு குடுங்கன்னாங்க. அந்தக் கதை இப்ப எதுக்கு. நாம லைட்டப் பத்தித் தான பேசிகினு கீறோம்.

செவப்பு பெயிண்டா? ஆமாங்க, ஒத்துக்கறேன். சாக்பீசுல போட்டேன், வெள்ளச் சுவத்துல தெரியல. கோயில் திருவிழாவுக்கு பெஞ்சிக்கு அடிச்ச பெயிண்டு டப்பாவுல கொஞ்சம் மீந்து இருந்துச்சி. அவராண்ட கேக்கலாம்னு போனேன், ஏதோ கல்யாணத்துக்கு சின்னசேலம் போயிருக்காருன்னாங்க. சரி, அக்கம்பக்கம் தான, குறி போட்டுட்டு அப்பால சுண்ணாம்பு அடிச்சிக் குடுத்துடலாம்னு போட்டுட்டேன். டிராக்டர்காரர் கந்தசாமி பேட்டரி குடுத்தாரு. பொழுது சாஞ்சதும் லைட்ட போட்டேன் ஐயா, ரெண்டு வெளிச்சமும் ரெண்டு குறிக்கும் ஒரு வெரக்கடை கீழ வந்து கச்சிதமா உக்காந்துச்சி. கந்தசாமி கை தட்னாரு.

மறுநாள் காலையில ஒரே கூட்டம். மொதல்ல பாத்தது சாலம்மாள். எங்க கோயிலு தான், ரொம்ப பக்தி. செவப்பா ரெண்டு சிலுவைய பாத்ததும் முட்டி போட்டுடுச்சி. நான் பல்லு வெளக்கிகினு வெளிய வர்றதுக்குள்ள நாலு மெழுகுவத்தி எரியுது. ஒரு அம்மா, சிலுவை வேர்க்குதுன்னுச்சி. பெயிண்டு காயலம்மான்னு நான் சொல்றேன், யாரு கேக்கறாங்க? அந்தப் பக்கம் சுப்புராயன் ஆளுங்க. எங்க தலைவர் சுவத்துலயே சிலுவை போட்டு மதம் மாத்தறீங்களான்னு. சுவத்த எப்படிங்க மதம் மாத்த முடியும்? தண்ணி தெளிச்சி பேரு வைக்கணுமா? அவங்க ஒரு சூலத்த கொண்டாந்து நட்டுட்டாங்க. இங்க செபமால, அங்க உடுக்க சத்தம். நடுவுல ஒருத்தன் சுண்டல் விக்க ஆரமிச்சிட்டான். ஊரு மொத்தமும் பேஜாரு.

அப்ப தான் பழனி வந்தாரு. டீக்கட பழனி. அவருக்குத் தெரியாத விசயம் ஒலகத்துல கெடயாது. சுவத்தாண்ட போயி குனிஞ்சி பாத்தாரு. கண்ணாடிய கழட்டித் தொடச்சிட்டு மறுபடியும் பாத்தாரு. யோவ், மெழுகுவத்திய அணைங்கய்யா, இது சாமி இல்ல, ரோடுன்னாரு. பைபாஸ் போடறப்போ இதே மாதிரி தான் செவப்பு குறி போடுவாங்க, இது வரைக்கும் இடிப்பாங்கன்னு அர்த்தம்னாரு. பக்கத்துல எழுதி இருந்துச்சி பாருங்க, எல் இருவத்தஞ்சி, ஆர் இருவத்தஞ்சி. லெப்ட்ல இருவத்தஞ்சி அடி, ரைட்ல இருவத்தஞ்சி அடி இடிக்கப் போறான்னு படிச்சிட்டாரு மனுசன்.

ஆமாங்க, அத எழுதனதும் நான் தான். எல்லுன்னா லெப்ட் லைட்டு. ஆருன்னா ரைட் லைட்டு. இருவத்தஞ்சி அடி தூரத்துலேருந்து பாத்தது. வேற இன்னாங்க எழுதறது?

அந்த நேரம் பாத்து சுப்புராயன் கல்யாண வூட்லேருந்து கார்ல வந்து எறங்குறாரு. எவன்டா என் சுவத்துலன்னு ஆரமிச்சாரு. ரோடு போடறாங்களாம் தலைவரேன்னு யாரோ காதுல சொன்னாங்க. மொகத்த பாக்கணுமே. அப்படியே வெளுத்துப் போச்சி. தெரு எவ்ளோ அகலம்னு இந்த ஊருலயே நல்லாத் தெரிஞ்ச ஆளு அவரு தான. ஒடனே கையக் கூப்புனாரு. எம்மதமும் சம்மதம், எல்லாரும் வூட்டுக்குப் போங்கன்னாரு. அவரு ஆளுங்களே அந்த வார்த்தைய அவரு வாயால மொத தடவ கேட்டாங்க. சூலத்த அவரே புடுங்கி ஓரமா வச்சாரு. சாலம்மாளுக்கு மெழுகுவத்திய எடுத்துக் குடுத்தாரு.

எந்த ஆபீசுலயாவது போயி கேட்டிருக்கலாம் இல்ல? கேக்கலீங்க. எப்படிக் கேப்பாரு? என் சுவத்துல குறி போட்டீங்களான்னு கேட்டா, ஒன் சுவரு எங்க கீதுன்னு அளக்க வருவாங்க. சுவரோட போனாப் பரவால்ல, டேப்ப புடிச்சா போர்ட்டிகோ, மாட்டுக்கொட்டா, பின்னால ஏரிப்பக்கம் வேலி போட்டது எல்லாம் வெளிய வரும். சோறு எறங்கல அவருக்கு. எங்க வூட்டு ஜன்னல்லேருந்து நல்லாத் தெரியும், மொட்ட மாடியில நடந்துகினே இருந்தாரு.

அப்பால ஒரு நாளு ஜே.சி.பி வந்துச்சிங்க. அவரே கூட்டிகினு வந்தது. அவரு சுவத்த அவரே, அவரு கண்ணு மின்னாடி. இடிச்சி, செங்கல்ல வாரி, மண்ணக் கொட்டி, ரோலர் வுட்டு சமமாக்கிட்டாரு. கவர்மெண்டு வந்து இடிக்கறதுக்கு மின்ன நாமளே குடுத்துட்டா மரியாத பாருங்க. சாயங்காலமே பிளக்சு. தோ, தெருமொனையில இன்னும் தொங்குது, வரும்போது பாத்திருப்பீங்களே. நிலம் தந்த நெஞ்சமே, வழி தந்த வள்ளலேன்னு. கையக் கூப்பிகினு நிக்கறாரு. பின்னாடி ஒரு பெரிய ரோடு, ரெண்டு பக்கமும் பனி மலை. நம்ம நைனார்பாளையத்துல ஏதுங்க பனி மலை? மாலை போட்டாங்க, பட்டாசு வெடிச்சாங்க. நானும் போயி ஒரு துண்டு போத்திட்டு வந்தேன். மனசார போத்துனேங்க, அது பொய்யில்ல.

இப்ப எவனோ அவராண்ட சொல்லிட்டான், ரோடும் கெடயாது ஒண்ணும் கெடயாது, அது இன்னாசி காருக்கு லைட்டு பாத்ததுன்னு. அதான் உங்களாண்ட வந்துட்டாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ஐயா. கம்ப்ளெயிண்ட்ல ஏமாத்தி இடிக்க வச்சிட்டான்னு கீது. பிளக்சுல மனமுவந்து தந்தாருன்னு கீது. ரெண்டும் அவரு தான் எழுதனது. எது நெசம்னு அவராண்டயே கேட்டு எழுதிக்குங்க. திருப்பிக் கட்டணும்னா தாராளமா கட்டட்டும். மொதல்ல பிளக்ச எறக்கணும். எறக்குனா, வர்ற தேர்தல்ல எந்த மூஞ்சிய வச்சிகினு நிப்பாரு? அவரு சுவத்த விட அந்த பிளக்சு கெட்டிங்க. அத ஜே.சி.பி வச்சாலும் இடிக்க முடியாது.

இன்னா கேட்டீங்க? எந்த ஆபீசு ஜீப்பா? கவர்மெண்டு தாங்க. எந்த கவர்மெண்டுன்னா... ரோட்டாபீசு. சர்வே பண்றவங்கள ஏத்திகினு போவேன். அவங்க டேப்பு புடிப்பாங்க, நான் சும்மா தான நிப்பேன், பெயிண்டு டப்பாவ புடிச்சிகினு நிப்பேன். சில நேரம் கை வலிக்குதுன்னா, இன்னாசி நீயே போடுன்னுவாங்க. போட்டிருக்கேன். செவப்புல தான்.

சிரிக்காதீங்க ஐயா, பயமா கீது. சிரிச்சிட்டு அப்பால கூட்டிகினு போயிடுவீங்க.

காரயா? ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா? இப்பவேவா?

எப்படிங்க ஸ்டார்ட் பண்றது, இஞ்சினு இல்ல. மெதுவாத் தொறங்க, பானெட்ட படார்னு தொறக்காதீங்க, கோழி அடைக்கு உக்காந்துகினு கீது. கொத்தும். ஆமாங்க, இஞ்சின் இருந்த எடத்துல தான். இஞ்சின எறக்கிக் குடுத்து ரொம்ப நாளாச்சி. ஆனந்தமேரிக்கு கிட்னி போச்சின்னு சொன்னாங்க பாருங்க, அந்த வருசம். இப்ப சின்னசேலத்துல ஒருத்தரு கரும்பு ஜூசு மிசினு அதுல தான் ஓட்டறாரு. நல்லா ஓடுதாம்.

லைட்டு மட்டும் எதுக்கா? யாராவது வந்து கேட்டா, இன்னா குறி இதுன்னா, லைட்டு பாத்தேன்னு சொல்லணும். சொன்னா அது நெசமா இருக்கணும். அதுக்குத் தான் சேலம் வரைக்கும் போயி ஸ்க்ரூ வாங்கியாந்து மாட்டுனேன். சாமியாராண்ட கூட சொல்லிட்டேன், லைட்டு பாத்தேன் சாமின்னு. அதுல பாவம் ஒண்ணும் இல்லியேன்னாரு.

அந்த நீல நாற்காலிய பாத்தீங்களா, உக்கார வேணாம்னு சொன்னேனே. அவள அதுல தான் தூக்கிகினு போவோம். வாரத்துல ரெண்டு தடவ, கள்ளக்குறிச்சிக்கு, ரத்தம் சுத்தம் பண்ண. சந்துல எந்த வண்டியும் வராது. நாலு பேரு நாலு கால புடிச்சிகினு ரோடு வரைக்கும். சுவத்துல அவ முட்டி ஒராசும். மழையில ஒரு தபா வழுக்கி நாற்காலியோட கவுந்துட்டா. தெருவே நின்னு பாக்குது. சுப்புராயன் மாடியிலேருந்து, பாத்துத் தூக்குங்கப்பா, சுவத்துல இடிக்கப் போறீங்கன்னாரு. அவ அழுவலீங்க. வூட்டுக்கு வந்து, இனிமே என்ன உசுரோட நாலு பேரு தூக்கக் கூடாது, நான் வர மாட்டேன், செத்தா தூக்கினு போன்னா. ரெண்டு தடவ போகவே இல்ல. மொகமெல்லாம் வீங்கிப் போச்சி. அப்ப தான் எழுந்து போயி காரு லைட்ட பாத்தேன்.

தோ, ஹாரன் சத்தம் கேக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போற ஆம்னி வேனு. இன்னிக்கு அவளுக்கு மொறை. வாசல் வரைக்கும் வருங்க இப்ப, அவளே வூட்டுச் சுவத்த புடிச்சிகினு நடந்து வந்து ஏறிடறா. என்ன கூட்டிகினு போறதுன்னா போங்க, நான் வர்றேன். அவள ஏத்தி வுட்டுட்டு வர்றேன்.

ஆனா அதுக்கு மின்ன, உங்க டிரைவராண்ட சொல்லி அந்த ஜீப்ப கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க ஐயா. வழிய அடச்சிகினு கீது.